சுப்பண்ணன் கழித்த பாட்டில்

வெள்ளைக்காரன் நமக்குக் கொடுக்கிற ஒயின் பாட்டிலின் அடியில் மண் கிடக்கும் என்று சுப்பண்ணனுக்குச் சொன்னவர் திருமலைசாமி. திருமலைசாமிக்குச் சொன்னவர் அவருடைய சகலை. சகலைக்குச் சொன்னவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் யாரோ ஒருவர். அந்த யாரோ ஒருவருக்கு யார் சொன்னார்கள் என்று பந்தியில் ஒருத்தரும் கேட்கவில்லை. அவிநாசி ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் அப்போது பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பாயசம் நன்றாக இருந்தது.

"அங்க விருந்து முடிஞ்சதுமுங்க மச்சா, கிளாசுல மிச்சங் கெடக்கறது, பீப்பாயோட அடியில தங்குனது, எல்லாத்தையும் ஒண்ணா வழிச்சு ஊத்தி, தக்கையடிச்சு, நம்மாளுகளுக்குன்னு தனியா எடுத்து வச்சுக்கறானாமா" என்றார் திருமலைசாமி. "ஓடித் தேஞ்ச மெசினயெல்லாம் பெயிண்டடிச்சு நம்ம தலையில கட்டறானில்லீங்? அதே மாதரதான். செகண்ட் ஹேண்டு ஒயினு."

பந்தியே சிரித்தது. சுப்பண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த பாயசக் கிண்ணத்தைச் சாய்த்து அதன் அடியைப் பார்த்தார். ஏனென்றால், கணபதியில் அவருடைய வீட்டு ஷோகேஸில், தஞ்சாவூர்ப் பொம்மைக்கும் சுவர்க்கடிகாரம் வந்த அட்டைப்பெட்டிக்கும் நடுவில், இத்தாலியிலிருந்து வந்த ஒயின் பாட்டில் ஒன்று பத்து நாளாக நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்கு வருகிற ஒறம்பரை, விருந்தாளிகளுக்கெல்லாம் அதைக் காட்டியாகிவிட்டது. அவர் மனைவி சாமியாத்தாள் மட்டும், சாமி படத்துக்கு நேரே நிற்கிறதே என்று அதன் தலையில் ஒரு கைக்குட்டையைப் போர்த்தி, கேட்டவர்களிடம் "பாரின் சர்பத்துங்க" என்று சொல்லிவந்தாள்.

சுப்பண்ணன் யார் என்று சொல்ல வேண்டுமானால் சிவப்புப் பெயிண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தாராபுரத்துக்குப் பக்கத்தில், அமராவதியில் தண்ணீர் வந்தால் விவசாயி, வராவிட்டால் கடன்காரன் என்று வாழ்ந்த குடும்பம் அவருடையது. பதினேழு வயதில் கோயமுத்தூருக்கு வந்து, பீளமேட்டில் ஒரு வார்ப்படப் பட்டறையில் மணலில் அச்சு எடுக்கிற வேலைக்குச் சேர்ந்தார். எழுபத்தெட்டில் கணபதியில் சொந்தமாக உலை மூட்டினார். தண்ணீர் பம்புக்கு மேல்கூடு ஊற்றிக் கொடுக்கிற தொழில். வேலை சுத்தம், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. சட்டைப் பையில் ஒரு சின்னச் சுத்தியல், கையில் சிவப்புப் பெயிண்ட் டப்பா, ஒரு தூரிகை. பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வார்ப்பையும் தட்டிப் பார்ப்பார், காதில் வாங்குவார், வெயிலில் திருப்புவார். மணல் ஏறியிருந்தாலோ காற்று அடைத்திருந்தாலோ ஒரு சிவப்புப் பொட்டு. பொட்டு விழுந்தால் விழுந்ததுதான். அது உடைபட்டு மறுபடி உலைக்குப் போகும். மேல்முறையீடு கிடையாது.

இதோடு நின்றிருந்தால் ஊர் அவரை நல்ல தொழில்காரர் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கும். கடவுள் அவருக்குப் பெயிண்டைக் கொடுத்தாரே தவிர, அதை எங்கே மூடி வைப்பது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. தர்ப்பூசணியைத் தட்டிக் கழிப்பார். கல்யாண வீட்டுச் சாம்பாரை இலையில் ஒதுக்கி, பரிமாறுகிறவன் திரும்பி வரும்வரை காத்திருந்து, அவன் முகத்துக்கு நேரே கழிப்பார். வால்பாறைக்கு ஒருமுறை குடும்பத்தோடு பஸ்ஸில் போனபோது, கொண்டை ஊசி வளைவுகளில் எல்லோரும் மடியில் பை வைத்து வாந்தியெடுத்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் டிரைவர் கியர் மாற்றுவதைக் கழித்துக்கொண்டே மேலேறினார். மேலே போய், தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் நின்று டீ குடித்துவிட்டு, "இது டீயா? அச்சுமண்ணு கழுவுன தண்ணி" என்றார். மகன் அருண்குமாருக்கு வந்த ஜாதகங்களைக் கழித்த விதத்தைப் பார்த்து, தரகர் இப்போது அந்தத் தெருவில் வருவதேயில்லை. "ரிஜெக்ட்டு" என்ற ஒரே இங்கிலீஷ் வார்த்தையில் ஒரு மனிதர் ஐம்பது வயதுவரை ஓட்டிவிட முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

இப்படிப்பட்டவரின் வார்ப்புக்கு ஒருநாள் இன்னொருவன் சிவப்புச் சீட்டு ஒட்டினான்.

அவன் பெயர் ரெனாட்டோ. வட இத்தாலியில் பம்பு செய்கிற கம்பெனிக்காரன். தொண்ணூற்றைந்து கார்த்திகையில் கணபதிக்கு வந்து, பட்டறையைச் சுற்றிப் பார்த்து, வீட்டில் வாழையிலையில் சாப்பிட்டு, ரசத்தை மூன்று தரம் கேட்டு வாங்கிக் குடித்தவன். கேள்வி நிறையக் கேட்டான். எந்த ஊர், அப்பா என்ன செய்தார், உலையை எந்த வருஷம் மூட்டினீர்கள் என்றெல்லாம். என்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிற அருண்குமார்தான் நடுவில் நின்று சொல்லிக் கொடுத்தான்.

"அவிங்கப்பா திராட்சத் தோட்டம் வச்சிருந்தாராமுங்ப்பா. போன வருசந்தான் தவறிப்போனாராமா."

"அப்பிடியா? நம்மளும் விவசாயிதான்னு சொல்லு" என்றார் சுப்பண்ணன். அப்பாவைப் பற்றிய பேச்சு அத்தோடு முடிந்தது.

முதல் மாதிரிச் சரக்கு போயிற்று. பதில் பேக்ஸில் வந்தது: மிளகளவு மணல், ஒரு கூட்டின் உள்பக்கம். கழிக்கப்பட்டது. கூடவே, சிவப்புச் சீட்டு ஒட்டிய வார்ப்பின் படம். அந்தப் படத்தைச் சுப்பண்ணன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கவில்லை, கிழிக்கவும் இல்லை. சட்டைப் பையில் சுத்தியலோடு வைத்துக்கொண்டு திரிந்தார்.

தை மாதம் இரண்டாவது மாதிரி விமானத்தில் போனது. இது சரியென்று ஆகிவிட்டால் பட்டறைக்கு வருஷம் முழுக்க வேலை. ஆகும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எவ்வளவு இல்லை என்றால், இத்தனை வருஷமாகச் சோறு போட்ட உள்ளூர்ப் பம்புக் கம்பெனிகளையெல்லாம் கூப்பிட்டு, "இனிமே லோக்கல் சரக்கு ஊத்தறதில்லீங்க, வேற பக்கம் பாத்துக்குங்க" என்று சொல்லியாகிவிட்டது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்புப் பொட்டு. ஆக, இத்தாலி இல்லையென்றால் உலை இல்லை. பதினெட்டு வருஷத்து உலையை ரெனாட்டோவின் ஒற்றைச் சொல்லில் தொங்கவிட்டுவிட்டு, மனிதர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் பாட்டில் வந்தது. பீளமேட்டு மில் ஒன்றுக்கு மெஷின் பூட்ட வந்த இத்தாலிக்காரர் கையில் ரெனாட்டோ கொடுத்தனுப்பியது.

கல்யாண வீட்டிலிருந்து வந்த சுப்பண்ணன் செருப்பைக் கழற்றாமலே ஷோகேஸைத் திறந்தார். கைக்குட்டையை உருவி எறிந்தார். பாட்டிலைத் தூக்கி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார். கரும்பச்சைக் கண்ணாடி. உள்ளே, அடியில், விளிம்பைச் சுற்றி, காப்பித்தூள் போல் ஒரு கறுப்பு.

"ஏ, சாமியாத்தா! இங்க வா. இது என்னன்னு பாரு."

"உங்க சர்பத்துங்க."

"அடியில பாரு."

அவள் பார்த்தாள். "மண்டியாட்டம் இருக்குதுங்க. போச்சாது, உடுங்க. நாமென்ன அதயக் குடிக்கவா போறோம்?"

"குடிக்கறது வேற, குடுக்கறது வேற" என்றார் சுப்பண்ணன். பிறகு அவர் செய்த காரியம்தான் அவருடைய பரிசோதனை முறைக்கே மகுடம். இருமல் மருந்துப் பாட்டிலைக் குலுக்குகிற மாதிரி, கட்டை விரலால் தக்கையை அழுத்திக்கொண்டு, தோள் வலிக்கக் குலுக்கினார். மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே முழுக்கக் கலங்கி, ஆற்றில் புதுவெள்ளம் வந்த நிறத்தில் நின்றது.

"பாத்தியா? பூராவுமே மண்ணு!"

குலுக்கினால் தெளிந்த குளமும் அப்படித்தான் இருக்கும் என்று அந்த வீட்டில் சொல்லுகிறவர் யாருமில்லை. சொன்னாலும் கழித்திருப்பார்.

அருண்குமார் பாட்டிலை வாங்கிப் பார்த்தான். கம்பெனி லேபிள் இல்லை. பழுப்பேறிய ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதில் மையினால் கையெழுத்தில் ஒரு பெயர், அதற்குக் கீழே 1978.

"அப்பா, எழுபத்தெட்டுங்ப்பா. நம்மு உலை வச்ச வருசம். அன்னிக்கு அவரு கேட்டாருங்களே..."

"கேட்டா? எழுபத்தெட்டுல போட்டது இன்னிக்கு வரைக்கும் விக்கலீன்னா அது எப்பேர்ப்பட்ட சரக்கா இருக்கோணும்! பதினெட்டு வருசத்து டெட் ஸ்டாக்கு. லேபிள் அடிக்கக்கூட வக்கில்லாம கையில கிறுக்கி ஒட்டியிருக்கறான்."

மறுநாள் போனில் திருமலைசாமியிடம் சொன்னார். திருமலைசாமிக்குப் போத்தனூரில் சொந்த வார்ப்படப் பட்டறை. அத்தை மகன் முறை. அதனால் எதைச் சொன்னாலும் நல்லதுக்குத்தான் என்று சுப்பண்ணன் நம்பிவந்தார்.

"நாஞ் சொன்னனில்லீங் மச்சா? கம்முனு உட்டுப்போட்டீங்கன்னா நாளைக்குக் கிழிஞ்ச சட்டைய மடிச்சுக் குடுத்தனுப்புவான். மொளகளவு மண்ணுக்கு உங்க சரக்கக் கழிச்சானே, இதுல எத்தன மொளகு இருக்குது?"

அந்தக் கடைசி வரி நேரே சட்டைப் பைக்குள், அந்தப் படத்தின்மேல் போய் உட்கார்ந்தது.

அன்று பட்டறை ஆபீஸில், பாட்டிலின் கழுத்துக்குக் கீழே, தடித்த கண்ணாடியின்மேல், சுப்பண்ணன் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார். பிறகு பேக்ஸ் எழுதப்பட்டது. அவர் தமிழில் சொல்ல, அருண்குமார் இங்கிலீஷில் எழுதினான். தங்கள் பாட்டில் கிடைத்தது. பரிசோதிக்கப்பட்டது. அடிப்பாகத்தில் மணல். சரக்கு 1978-ஆம் வருஷத்துப் பழையது. கம்பெனி முத்திரை இல்லை. கழிக்கப்பட்டது. எங்கள் செலவிலேயே திருப்பி அனுப்புகிறோம்.

எழுதியதை வாங்கிச் சுப்பண்ணன் எழுத்துக் கூட்டிப் பார்த்தார். ஒரு சொல்லில் விரலை வைத்தார்.

"இதென்ன, ப்ளீஸு?"

"மரியாதைக்குங்ப்பா. ‘தயவுசெஞ்சு குறிச்சுக்குங்க’ன்னு..."

"அவன் நமக்கு எழுதுனானே, அதுல இருந்துதா?"

"இல்லீங்ப்பா."

"அப்ப அடி."

அருண்குமார் அடித்தான். பேக்ஸ் மெஷின் கீச்சென்று காகிதத்தை இழுத்துக்கொண்டது.

பாட்டிலை அனுப்பப் பெட்டி வேண்டும். உக்கடத்தில் சிக்கந்தரின் மரக்கடையிலிருந்துதான் சுப்பண்ணனுக்கு எப்போதும் பெட்டி வரும். தை மாதச் சரக்குக்கும் அவர்தான் அடித்துக் கொடுத்தார். வைக்கோலில் சுருட்டிய பாட்டிலை மேசைமேல் வைத்ததும் சிக்கந்தர் இரண்டடி பின்னால் போனார்.

"ஏனுங்ணா, உங்க பம்புக்கு ராத்திரி பகலுன்னு பாக்காமப் பெட்டி அடிச்சுத் தாரேன். இதுக்கு நான் ஆணி புடிக்க மாட்டனுங்க. பலகை அங்க கெடக்குது, சுத்தியல் உங்க சட்டைப் பையிலயே இருக்குது. நீங்களே அடிச்சுக்குங்க."

"பாட்டிலுல இருக்கறது வெறும் மண்ணுங்கறேன், பாய்!"

"மண்ணா இருந்தா உக்கடம் கொளத்துல கொட்டுங்க. எதுக்கு இத்தாலிக்கு அனுப்பறீங்க?" சிக்கந்தர் சிரித்தார். "நானும் எத்தனையோ ரிஜெக்ட்டுக்குப் பெட்டி அடிச்சிருக்கறனுங்ணா. எல்லாம் காசு குடுத்து வாங்குன சரக்கு. ஊட்டுக்கு வந்தவன் அன்பாக் குடுத்ததுக்கு ரிஜெக்ட்டு போட்ட மொத ஆளு நீங்கதான். உங்க ஊட்டுக் கல்யாணத்துக்கு மொய் வெக்கவே பயமா இருக்குதுங்க, நோட்டத் தட்டிப் பாப்பீங்களாட்ட இருக்குது."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சுப்பண்ணன் காது சிவந்து, தானே நான்கு பலகையை வெட்டி, தானே ஆணியடித்தார். இரண்டு ஆணி கோணலாக இறங்கியது. பழக்கமில்லாத வேலை, வேறு யாராவது அடித்திருந்தால் சிவப்புப் பொட்டு வாங்கியிருக்கும்.

பெட்டி பட்டறை ஆபீஸுக்குத் திரும்பி வந்து மூலையில் நின்றது. அதற்குள் ரெனாட்டோவின் பதில் வந்திருந்தது. ஒரே வரி. பாட்டிலைத் திருப்பி அனுப்ப வேண்டாம். கீழே பெயர்.

"சாம்பிளப் பத்தி ஒண்ணுமே எழுதலீங்ப்பா" என்றான் அருண்குமார்.

"எப்பிடி எழுதுவான்? ஒத்துக்கிட்டானில்ல!"

தொழிலில் இதற்கு ஓர் அர்த்தம் உண்டு. கழித்த சரக்கைப் பற்றி, ‘திருப்பி அனுப்ப வேண்டாம், அங்கேயே உடைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று அனுப்பியவன் எழுதினால், குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று அர்த்தம். கணபதியிலிருந்து போத்தனூர் வரைக்கும் உலை வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்ட ஒருவன், கொடுத்ததைத் திருப்பி அனுப்பாதே என்று எழுதினால் அதற்கு வேறு அர்த்தம் இருக்கக்கூடும் என்பது மட்டும் கணபதியில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டியவர் ஊரெல்லாம் போன் போட்டு, இத்தாலிக்காரனையே வாயடைக்க வைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் போயிற்று. இரண்டாவது வாரமும். சாம்பிள் சரி என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. பேக்ஸ் மெஷினில் காகிதம் தீர்ந்துவிட்டதா என்று சுப்பண்ணன் இரண்டொரு தரம் திறந்து பார்த்தார். காகிதம் இருந்தது. பட்டறையில் ஆட்கள் வேலையில்லாமல் பழைய அச்சுகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கழிப்பதற்கு ஒன்றுமில்லாமல், போகிற வருகிற சைக்கிள்களைக் கழித்துக்கொண்டிருந்தார்.

பங்குனி ஆரம்பத்தில் தாராபுரத்தில் ஒரு கல்யாணம். திருமலைசாமியின் காரில் இருவரும் விடிகாலையில் கிளம்பினார்கள். பல்லடம் தாண்டும்போது திருமலைசாமி சாவகாசமாகச் சொன்னார்:

"உங்ககிட்ட வாங்கிட்டிருந்தாங்களே மச்சா, பழைய பம்புக் கம்பெனிக்காரங்க, அவிங்க பூராப் பேரும் இப்ப நம்முகிட்டத்தான் வாங்கறாங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க வேண்டாம்னீங்க, அதுனால எடுத்துக்கிட்டேன்."

"எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க" என்றார் சுப்பண்ணன், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு. "எனக்கு இத்தாலி இருக்குது."

வெயில் ஏறுவதற்கு முன், ரோட்டோரம் பனைமரத்தடியில் வேலன் என்பவர் பானை வைத்துத் தெளுவு விற்றுக்கொண்டிருந்தார். கள் அல்ல, பனையிலிருந்து அன்றைக்கு இறக்கிய, புளிக்காத இனிப்புச் சாறு. பதநீர் என்பார்கள் மற்ற ஊர்க்காரர்கள். காரை நிறுத்தினார்கள்.

திருமலைசாமி போத்தனூர் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர். பனைமரத்தை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான் பழக்கம். இரண்டு சொம்பு குடித்துவிட்டு, பானைக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

"ஏப்பா, அடியில இவ்வளவு நிக்குதே, நல்லாக் கலக்கி ஊத்து" என்று அவரே அகப்பையை உள்ளே விட்டார்.

சுப்பண்ணன் பாய்ந்து அகப்பையைப் பிடுங்கிக்கொண்டார். எத்தனையோ நாள் கழித்து அவருக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது.

"கலக்காதீங்க மச்சா! ஐயோ, உங்குளுக்கு ஒண்ணுமே தெரியறதில்ல. பானைக்குள்ள சுண்ணாம்பு தடவித்தான் மரத்துல கட்டுவாங்க. அதுனாலதான் இது தெளுவு, இல்லீன்னா மத்தியானத்துக்குள்ள புளிச்சுப்போயிருக்கும். அந்தச் சுண்ணாம்புதான் எறங்கி அடியில நிக்குது. அது தப்பே இல்ல, சரக்கு யோக்கியம்னு அர்த்தம். ஆட்டாம அசைக்காம நிக்க உட்டு, மேலாப்புல மெதுவா சாச்சு ஊத்தி, கடேசி ரெண்டு வெரக்கடைய உட்டுப்போடோணும். அவ்வளவுதான். இதக் குலுக்கிப் பாத்துப்போட்டு மண்ணு கெடக்குதுன்னு சொல்றவன் எவ்வளவு பெரிய..."

அகப்பை அவர் கையிலேயே நின்றது.

"பெரிய...?" என்றார் திருமலைசாமி. "சொல்லுங்க மச்சா. ஏன் நிறுத்திப்போட்டீங்க?"

வேலன் அந்தக் கைக்காக இரண்டு நொடி காத்திருந்துவிட்டு, அகப்பையைத் தானே வாங்கிக்கொண்டார்.

தாராபுரத்துக் கல்யாணத்தில் சுப்பண்ணன் சாம்பாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பரிமாறியவன் பழக்கதோஷத்தில் அவர் இலைக்கு முன்னால் தயங்கி நின்றான். அவர் தலை நிமிரவில்லை. மத்தியானம் வீடு திரும்பியதும் நேரே மகனிடம் போனார்.

"அருணு, ஒயினுல அந்த மண்ணு... அது எப்பிடி வருதுன்னு உங்க காலேஜுல யாரையாச்சும் கேட்டுப் பாக்க முடியுமா?"

அருண்குமார் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடி வைத்தான். "கேட்டுட்டனுங்ப்பா. லைப்ரரில புஸ்தகத்துலயே இருக்குது. பழைய செவப்பு ஒயினுன்னா அப்பிடித்தானாமுங்க. சாயமும் தொவர்ப்பும் வருசக்கணக்குல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கனமாகி, அடியில எறங்கிருமாம். கெட்டுப்போனதில்லீங்க. அதக் கெடுக்காம வளத்துனதுக்கு அடையாளம். ஒரு நாளு நிமுத்தி வச்சுப்போட்டு, அசைக்காம ஊத்தோணும். அடிய உட்டுரோணும்."

அவ்வளவுதான் அந்த மகா ரகசியம். ரசம் ஊற்றத் தெரிந்த எவருக்கும் தெரிந்தது. சுப்பண்ணன் வீட்டில் தினமும் இரண்டு வேளை, "மண்டி வராம மேலாப்புல ஊத்து" என்று சாமியாத்தாளை விரட்டி வாங்கிக் குடிப்பது. ஆனால் அது பித்தளைச் சட்டியில் இருந்தது, இது பச்சைக் கண்ணாடியில் இருந்தது. சீமையிலிருந்து வேறு வந்துவிட்டது. அதனால் புத்தி ஷோகேஸுக்கு வெளியே நின்றுவிட்டது.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"பேக்ஸ் போன மறுநாளேங்க."

"ஏன்டா எங்கிட்டச் சொல்லுல?"

"ரிஜெக்ட்டு பண்ணிப்போடுவீங்கன்னுதானுங்ப்பா."

அவர் உட்கார்ந்தார். அருண்குமாருக்குச் சொல்ல இன்னும் ஒன்று பாக்கியிருந்தது. தொடங்கியபின் நிறுத்த அவனுக்கும் தெரியவில்லை. "அந்தக் காயிதத்துல கைல எழுதியிருக்குதுங்களே, அது அவிங்கப்பா பேருங்க, அன்னிக்கு வந்தப்ப அவரு சொன்னதுதான். அவரே போட்ட ஒயினு. அவருதான் இப்ப இல்லியே. நம்ம வருசமாப் பாத்து ரெனாட்டோ எடுத்து அனுப்பியிருக்கறாரு."

சாமியாத்தாள் சமையற்கட்டு வாசலில் நின்றாள். "செத்துப்போனவரு கையெழுத்தையா கிறுக்குனதுன்னீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் போனபின் பாத்திரங்கள் கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போட்டன.

பட்டறையிலிருந்து பெட்டியை எடுத்துவர ஆளனுப்பவில்லை. அவரே போனார். ஸ்கூட்டரில் வைக்காமல், மடியிலும் இடுக்காமல், இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, கணபதித் தெருவில் நடந்தே வந்தார். பார்த்தவர்கள், சுப்பண்ணக் கவுண்டர் ஏதோ சாமி சிலை வாங்கி வருகிறார் என்று நினைத்து வழி விட்டார்கள். கோணலாக இறங்கிய ஆணிகளைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். வைக்கோலை விலக்கினார்.

பத்துப் பதினைந்து நாள் ஒருவரும் தொடாமல் நின்ற பாட்டில் தெளிந்திருந்தது. அவர் அவ்வளவு பக்குவமாகத் தூக்கி வந்ததில் அடியில் மட்டும் மெல்லிய புகைபோல் ஒன்று எழுந்து, மறுபடி அடங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியின் மேல்பாதி வழியாக வந்து, மாதுளம்பழச் சாறு மாதிரி ஒரு சிவப்பை மேசைவிரிப்பின்மேல் போட்டது. கழுத்துக்குக் கீழே அவர் வைத்த பொட்டு. அந்தச் சிவப்புக்கு முன்னால் அது சாயம்போன சிவப்பு.

மண்ணெண்ணெயில் நனைத்த துணியோடு பொட்டைத் துடைக்கக் கை நீட்டியவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். துடைத்தால் ஆடும். ஆடினால் கலங்கும். பெயிண்ட் நல்ல பெயிண்ட். பதினெட்டு வருஷமாக ஒரே கம்பெனி. அழுத்தித் தேய்க்காமல் போகாது.

"இத்தாலில இப்ப மணி என்ன?"

"காலைல ஒம்போதரை இருக்குமுங்க. ஆபீசு தொறந்திருப்பாங்க. நான் பேசட்டுங்களா?"

"வேண்டாம். எனக்குச் சொல்லிக் குடு."

அருண்குமார் ஒரு தாளில் தமிழ் எழுத்தில் இங்கிலீஷை எழுதிக் கொடுத்தான். நாலே வரி. சுப்பண்ணன் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். முதல் வரியிலேயே ‘ப்ளீஸ்’ என்று இருந்தது. அந்தச் சொல்லை எங்கிருந்தாலும் கண்டுபிடித்து அடிக்கத் தெரிந்தவருக்கு, அதைச் சொல்ல வாய் ஒத்துழைக்கவில்லை. ‘பிளீச்’ என்று வந்தது. "மறுக்காச் சொல்லுங்ப்பா" என்றான் மகன். மறுபடி சொன்னார். மகன் கழிக்கவில்லை. "போதுமுங்க" என்றான்.

போனை மேசைக்கு இழுத்துக்கொண்டு, எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். நீண்ட எண். கடல் தாண்டுகிற கரகரப்பு. பிறகு அங்கே, அந்த ஊரில், மணி அடிக்கத் தொடங்கியது. நம்மூர் மணி போல் இரட்டை இரட்டையாக அல்ல. ஒற்றை மணி, நெடுநேரம் இழுத்து, நெடுநேரம் நிறுத்தி.

எடுக்கவில்லை. வைத்துவிட்டு மறுபடி போட்டார். ரெனாட்டோ வெளியே போயிருக்கலாம். வேறு யாராவது எடுக்கலாம். எடுத்து, கணபதியிலிருந்து என்றதும் வைக்கலாம். சாம்பிள் கூடுகளை உடைத்து உலையில் போட்டு முடித்திருக்கலாம். ஒன்றும் தெரியாது. பட்டறையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம், உலை எரிந்திருந்தால் அந்நேரம் தெருவே அதிரும்.

சாமியாத்தாள் ஒரு டம்ளர் ரசத்தைக் கொண்டுவந்து மேசைமேல் சற்று வேகமாக வைத்தாள். மேசை அசைந்தது. பாட்டிலின் அடியில் கறுப்பாக ஒரு இழை எழுந்தது.

"பாத்து, அம்மணி!" என்றார் சுப்பண்ணன், ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் மேசையின் விளிம்பைப் பிடித்தபடி. "ஆட்டாத. ஆட்டாத."

காதில் மணி அடித்துக்கொண்டிருந்தது.